வெளுத்த பாறையும் மெர்டேக்கா சுண்ணாம்பும்

சுண்ணாம்பு வியாபாரம் நன்றிகெட்ட தொழில்; சுவர் பளிச்சென்று இருந்தால் வெள்ளையடித்தவனுக்குப் பெயர், உதிர்ந்தால் சுண்ணாம்பு விற்றவனுக்குத் திட்டு. பண்டிகைக்கு முதல் நாள் வீட்டுக்கு வெள்ளையடித்துவிட்டு, மேகத்தைப் பார்த்துக் கும்பிடு போட்ட அனுபவம் உங்களுக்கும் இருக்கும். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான் என்பதால் தைரியமாக எழுதுகிறேன்.

மலாக்காவில், காஜா பேராங்கில் என் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு, அதற்கும் பின்னால் தென்னைகளுக்கு நடுவே காளவாய். சிப்பியைச் சுட்டால் வெற்றிலைக்கு, கடல் கல்லைச் சுட்டால் சுவருக்கு. நாங்கள் கடல் கல் என்று சொன்னதைத்தான் இப்போது பவளப்பாறை என்று மரியாதையாக எழுதுகிறார்கள். நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த காலத்தில் அந்தக் கல்லோடு நான் பட்ட பாடுகளில் சில இவை.

மழையை நானா அனுப்பினேன்?

காஜா பேராங்கில் பல தலைமுறையாக வாழ்கிற மலாக்கா செட்டிகள் கும்பிடுவது நம் சாமிகளை, பேசுவது மலாய். அவர்களில் ஒரு வீட்டு மூத்த அம்மாளை நாங்கள் எல்லோரும் பீபி என்று கூப்பிடுவோம். போகியன்று முன்னோருக்குப் படையல் போடுவதற்கு முன்னால் அவர் வீட்டுச் சுவர் வெளுத்தாக வேண்டும். ஒரு வருஷம் காலையில் வெள்ளையடித்து முடித்தார்கள். மத்தியானம் கொட்டிய மழையில் பாதிச் சுண்ணாம்பு சாக்கடைக்குப் போய்விட்டது.

மறுநாள் பீபி குடையும் கையுமாகக் கடை வாசலில் நின்றார். "மழையை நானா அனுப்பினேன், பீபி?" என்று கேட்டேன். அவர் மலாயில் சொன்னதைத் தமிழில் அப்படியே தருகிறேன்: "மழைய சாமி அனுப்புச்சு, அத நான் மன்னிச்சிட்டேன். நீ அனுப்புன சுண்ணாம்புதான் ஒட்டல."

காற்று ஒடித்த கல்

கல் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். கரையிலிருந்து கொஞ்ச தூரம் படகில் போனால் ஊப்பே என்று ஒரு சின்னத் தீவு. அதைச் சுற்றிப் பாறை. 'சுமத்ரா' என்று ஒரு காற்று எங்கள் பக்கத்தில் உண்டு. எதிர்க்கரையில் கிளம்பி, விடியும் நேரத்தில் கறுப்புச் சுவர் மாதிரி வந்து அடித்துவிட்டு, நாம் பசியாறுவதற்குள் போய்விடும். அது பாறையின் கிளைகளை ஒடித்துத் தீவு மணலில் எறியும். அதைப் பொறுக்கி மேட்டில் குவித்து, மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் போட்டுவைப்போம். உப்புக் கழன்று எலும்பு மாதிரி வெளுத்த பிறகுதான் காளவாயில் ஏற்றுவோம். எங்கள் தொழிலில் கல்லுக்கு இருந்த பரீட்சை அது ஒன்றுதான். வெள்ளையாக இருக்கிறதா, ஏற்று.

படகு பாக் டோலாவுடையது. என்னைவிடச் சில வயது மூத்த மலாய்க்காரர், தெங்கேரா கரையில் வீடு. அவரும் நானும் பேசுவது மலாயில்தான். என் காதில் விழுந்த மாதிரி தமிழில் எழுதுகிறேன். எனக்குக் கல் ஏற்றுவது அவருக்கு உபரி வேலை. அவர் வீட்டு ஆறு பேருக்கும் சோறு போட்டது தீவின் தென்பக்கப் பாறை. அதன் இடுக்குகளில்தான் மூங்கிலால் பின்னிய மீன் கூடுகளை இறக்குவார். பாறை இருந்தால் மீன், மீன் இருந்தால் சோறு. முதல்முறை நான் கடப்பாறையோடு படகில் கால்வைத்தபோதே அவர் பாகம் பிரித்துவிட்டார்: "காத்து ஒடிச்சது உனக்கு, ஒட்டிக்கிட்டு நிக்கிறது எனக்கு. அந்த இரும்ப கரையில வச்சிட்டு ஏறு."

தலைவருக்கு அவசரம்

மெர்டேக்கா வருஷம் வந்தது. ஆகஸ்டு கடைசியில் நம் கொடி ஏறப்போகிறது என்று உறுதியானதும் ஊருக்கே வெள்ளை வெறி பிடித்துவிட்டது. பெண்டஹாரா சாலைத் துணிக்கடைகளும் நகைக்கடைகளும் ஆள் அனுப்பின. எங்கள் சந்தின் மாரியம்மன் கோவில் தலைவர் மதில் முழுவதற்கும் என்னிடம்தான் சுண்ணாம்பு சொல்லிவைத்திருந்தார். நானும் வாயைத் திறந்து சரி என்று சொல்லித் தொலைத்திருந்தேன்.

அந்த வருஷம் பார்த்துக் காற்று வரவில்லை. சித்திரை போனது, வைகாசி போனது, கடல் எண்ணெய் ஊற்றிய மாதிரி அசையாமல் கிடந்தது. தீவு மணலில் பொறுக்க ஒரு கூடைக் கல்கூட இல்லை. "சுமத்ரா அடிச்சாத்தான் கல்லு, தலைவரே," என்று கையை விரித்தேன். தலைவர் நல்ல பக்திமான், அதைவிட நல்ல காரியக்காரர். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "அதுக்கென்னா லா, அம்மனுக்கு ஒரு அர்ச்சன போட்டுடறேன். காத்து மட்டும் போதுமா, இல்ல புயலே வேணுமா?"

வெந்நீர்க் கடல்

ஆனி பிறந்த சமயம் டோலா கடைக்கே வந்து, "வந்து பாரு," என்று மட்டும் சொல்லி அழைத்துப்போனார். படகிலிருந்து கையை நனைத்தேன். கடல் நீர் பிள்ளைக் குளியலுக்கு விளாவிய வெந்நீர் மாதிரி இருந்தது. மண்ணெண்ணெய் டின்னின் அடியை வெட்டிக் கண்ணாடி பதித்த ஒரு சாமான் டோலாவிடம் உண்டு. அதைத் தண்ணீரில் அமிழ்த்திப் பார்த்தால் அடி தெரியும். காற்றில்லாததால் எப்போதும் இருக்கும் கலங்கலும் அன்று அடங்கியிருந்தது. பழுப்பும் பச்சையுமாக இருக்கவேண்டிய பாறை, கிளை, தட்டு, உருண்டை என்று பாக்கி இல்லாமல் வெள்ளை. சலவைத் துறையில் துணி காயப்போட்ட மாதிரி இருந்தது.

"சூட்டுல செத்துப் போச்சு," என்றார் டோலா. கூட்டில் மீனும் பாதியாகிவிட்டதாம். அவர் முகத்தைப் பார்த்திருந்தால் உங்களுக்கு அழுகை வந்திருக்கும். எனக்கோ, மன்னியுங்கள், நாக்கில் எச்சில் ஊறியது. நான் மாதக்கணக்கில் வெயிலில் போட்டுச் செய்கிற வேலையைக் கடல் தானே செய்துமுடித்து வைத்திருக்கிறதே! செத்ததுதானே, எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். டோலா வெகுநேரம் துடுப்பால் தண்ணீரைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு, செத்ததை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன், இரும்பைக் கொண்டு வா என்றார்.

நானும் காளவாயில் வேலை செய்யும் முனியனும் வற்று நீரில் இடுப்பளவு நின்று, இரண்டு காலைப்பொழுதுகளில் தென்பக்கப் பாறையில் நாலு வீட்டு வாசல் அளவுக்கு இடித்தெடுத்தோம். வீட்டுக்கு வந்து மனைவி பாக்கியத்திடம் அம்மன் வழிவிட்ட கதையைச் சொன்னேன். பாக்கியம் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. "வெளுத்ததெல்லாம் பாலுன்னு நம்புற ஆளுன்னு தெரிஞ்சுதான் கட்டிக்கிட்டேன். கல்லையும் அதுல சேத்துக்குவீங்கன்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

பூனைகள் கூடிய கூட்டம்

கல்லைக் காளவாய் ஓரம் குவித்தோம். முதல் நாள் லேசாக ஒரு வாடை. இரண்டாம் நாள் தெருவில் போகிறவர்கள் நடையை எட்டிப்போட்டார்கள். மூன்றாம் நாள் காஜா பேராங்கில் இருந்த பூனையெல்லாம் குவியலைச் சுற்றி உட்கார்ந்து, யார் முதலில் ஆரம்பிப்பது என்று ஆலோசனை செய்தன. காக்கைகள் தென்னையில் வரிசை கட்டின. எதிரே மளிகைக்கடை வைத்திருந்த ராவுத்தர் காக்கா மூக்கில் கைக்குட்டையோடு வந்தார். "அண்ணே, கருவாட்டு யாவாரத்துல எறங்குறதுன்னா மொதல்லயே சொல்லியிருக்கலாமே. நானும் கூட்டுச் சேந்திருப்பேனே!"

அவர் போன பிறகு முனியனும் நானும் குவியலிடம் உட்கார்ந்தோம். கல்லைத் தொட்டால் வழவழவென்று சளி மாதிரி கையில் ஒட்டியது. இடிக்கும்போதே ஒட்டியதுதான், பாசி என்று நினைத்து வேட்டியில் துடைத்துக்கொண்டே இடித்திருந்தோம். எத்தனை வருஷமாக வெளுத்த கல்லைச் சுமந்திருக்கிறோம், ஒன்றாவது வழுக்கியதுண்டா, நாறியதுண்டா? முனியன் ஒரு நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவன். ஒரு துண்டை முகர்ந்து, திருப்பிப் பார்த்து, மெதுவாகக் கீழே வைத்தான். "அண்ணே, செத்த கல்லு நாறாது. இது இப்பத்தான் சாவுது."

எதற்கு வேண்டிக்கொள்வது?

அன்று பிற்பகலே தெங்கேராவுக்கு நடந்தேன். கால் நடந்ததே தவிர மனசு வரவில்லை. நான் படித்ததெல்லாம் சுண்ணாம்பு மடிக்க வாங்கிய பழைய பத்திரிகைகளில்தான். கடல் அளவுக்கு மீறிச் சூடானால் பாறையின் சதைக்குள் குடியிருந்து நிறமும் சாப்பாடும் தருகிற நுண்ணிய பாசிகள் வெளியேறிவிடும், பாறை வெளுத்துப்போய்ப் பட்டினியாக உயிரோடு காத்திருக்கும், சீக்கிரம் தண்ணீர் ஆறினால் பிழைக்கும், ஆறாவிட்டால்தான் சாகும் என்ற செய்தியும் வெகுகாலம் கழித்து அப்படித்தான் என் கைக்கு வந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது சளியும் நாற்றமும்தான். அதைத்தான் டோலாவிடம் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. இரும்பைக் கொண்டுவரச் சொன்ன வாய் தன்னுடையதுதான் என்றார். அவருடைய கணக்கு உடனே வேறு பக்கம் ஓடியது: நாங்கள் இடித்தது போக மீதி இன்னும் உயிரோடு இருக்கிறது. அதைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று மறுநாளே கூடுகளைத் தூக்கிக் கரையில் கவிழ்த்தார். உஜோங் பாசிர் பக்கம் வேறொருவர் வலையில் கூலிக்கு இழுக்கப் போனார். சொந்தப் படகு வைத்திருந்த மனிதர் அடுத்தவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையில் நடந்ததைப் பார்த்தபோது நான் வேறு தெருவில் திரும்பிக்கொண்டேன். சேதி சொல்லப் போன அந்தப் பிற்பகலில் நான் விடைபெறும்போது அவர் கேட்டது இது: "காத்து வந்தா மிச்சமும் ஒடியும். வராட்டி மிச்சமும் வேகும். நீ உங்க அம்மன்கிட்ட எதுக்கு வேண்டிக்கப் போற?"

திரும்பிப் போன சரக்கு

தலைவரின் அர்ச்சனை தாமதமாகத்தான் பலித்தது. ஆடி பிறந்ததும் ஒரே வாரத்தில் இரண்டு சுமத்ரா. இரண்டாவது என் காளவாய்க் கூரையையே பிய்த்தது. காற்று ஓய்ந்ததும் டோலாவும் முனியனும் நானும் தீவுக்குப் போனோம். படகை விட்டு இறங்கிய டோலா, "ஆறிடுச்சு!" என்று கத்தினார். நானும் காலை வைத்துப் பார்த்தேன். மேலே நின்ற வெந்நீரை அடித் தண்ணீரோடு கலக்கி, மழையையும் ஊற்றி, காற்று கடலைக் குளிரவைத்திருந்தது. மணலில் பார்த்தாலோ, என் வாழ்நாளில் காணாத அளவுக்கு ஒடிந்த கல். ஒரே அடியில் பாதியை உடைத்து மீதியைப் பிழைக்கவைத்த அந்தக் காற்றைத் திட்டுவதா கும்பிடுவதா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

கல்லுக்காக வந்த நான் குனிந்தேன். பழக்கத்தில் கை கூடைக்குத்தான் போனது. ஆனால் ஒவ்வொரு துண்டையும் திருப்பிப் பார்க்காமல் போட முடியவில்லை. காய்ந்தது கூடைக்கு. ஈரமாக, வழவழப்போடு, ஓரத்தில் துளிப் பழுப்பாவது இருந்தது தண்ணீருக்கு. சும்மா வீசினால் அலை உருட்டிவிடும் என்று டோலா சொன்னதால், பாறை இடுக்கில் செருகி, சந்தில் கல் வைத்து இறுக்கினோம். மூன்று பெரிய மனிதர்கள் வாழைக்கன்று நடுகிற மாதிரி கடலில் கல் நட்டோம். கரையில் மாட்டுவண்டியோடு காத்திருந்த வண்டிக்காரர் என் பாதிக் கூடையை எட்டிப் பார்த்தார். விவரம் கேட்டார். மாட்டை ஒரு தட்டுத் தட்டினார். "கடைக்காரன் சரக்கத் திருப்பி வாங்கிக்கமாட்டான், அதுதான் நான் பாத்தது. வாங்குன எடத்துக்கே நன்றியோட திருப்பிக் குடுக்குற கடைக்காரன இன்னிக்குத்தான் பாக்குறேன்."

தலைவரின் உபதேசம்

பாதிக் கூடைக்கு மேல் கல்லில்லை. கூரையில்லாத காளவாய். இன்னும் ஒரு மாதத்தில் மெர்டேக்கா. நாறிய குவியலைச் சுட எனக்கு மனம் வரவில்லை. சுட்டாலும் ஈரக்கல் உள்ளே வேகாது. மண்ணைப் போட்டு மூடிவிட்டோம். பூனைகள் ஏமாற்றத்தோடு கலைந்தன. பாக்கியம்தான் வழி சொன்னாள்: பாசார் சந்தையில் நாள்தோறும் மூட்டை மூட்டையாக விற்கிற கெராங் சிப்பியின் ஓடு எங்கே போகிறது? குப்பைக்குத்தானே? அதைச் சுட்டால் வெற்றிலைக்கு ஆகும் என்றால் சுவருக்கு மட்டும் ஆகாதா?

அப்புறம் நடந்ததை நீங்கள் நம்பமாட்டீர்கள். தெருவே கெராங் சாப்பிட ஆரம்பித்தது. பீபி வீட்டில் புளி ஊற்றிச் சமைத்தார்கள். ராவுத்தர் காக்கா வீட்டில் மிளகாய் போட்டு வதக்கினார்கள். முனியன் சும்மா அவித்தே தின்றான். ஓடெல்லாம் கூடை கூடையாக என் வாசலுக்கு வந்தது. தலைவர் மட்டும் சுத்த சைவம். ஆனால் தினமும் மாலை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள் என்று உபசரித்தார். சாப்பிடாதவர் ஏன் இப்படி அலைகிறார் என்று பீபி கேட்டதற்கு, நெஞ்சில் கைவைத்துச் சொன்னார்: "நான் சைவந்தான் பீபி. அம்மனுக்காக நீங்கல்லாம் அசைவமா இருங்க!"

கொடி ஏறிய அன்று மதில் பளபளத்தது. மழையும் பெய்யவில்லை.

கோபம் போன நாள்

தீபாவளிக்கு முன்னமே டோலாவின் டின்னில் நல்ல செய்தி தெரிந்தது. நாங்கள் தொடாத இடங்களில் பாறைக்கு நிறம் திரும்பிக்கொண்டிருந்தது. எல்லாம் இல்லை, சில திட்டுகள் பச்சைப் பாசி மூடிச் செத்தே போயின. நாங்கள் நட்டவற்றில் பெரும்பாலானவை பிடிக்கவில்லை, ஒன்றிரண்டு வேர்விட்ட மாதிரி ஒட்டிக்கொண்டன. டோலா உஜோங் பாசிர் வேலையை விட்டுவிட்டுக் கூடுகளை மறுபடி இறக்கினார். ஆனால் கடப்பாறை பட்ட இடத்தில் மட்டும் கூடு இறக்கவில்லை. அங்கே ஒன்றும் வளரவில்லை. வெந்துபோன பாறைகூட நின்ற இடத்தில் நிற்கும், அதன்மேல் புதுப் பவளக் குஞ்சு வந்து உட்காரும். நாங்கள் பண்ணியது சல்லிக்கல் குவியல். ஒவ்வொரு சுமத்ராவும் அதைப் புரட்டியது. நெல்மணி அளவுக்கு ஏதாவது ஒட்டினாலும் அடுத்த காற்றில் அரைபட்டுப் போனது.

அதற்குப் பிறகு நான் கல் சுடவில்லை. கெராங் ஓடே போதுமென்று இருந்துவிட்டேன். வருஷங்கள் போயின. இடையில் பாக்கியமும் போய்விட்டாள். வீட்டில் என்னைக் கேலிசெய்ய ஆளில்லாமல், வாரத்துக்கு ஒருமுறையாவது டோலாவின் படகில் ஏறி அந்த இடத்தைப் பார்ப்பது எனக்கு வழக்கமாகியது. அவர் படகை அங்கே நிறுத்துவார். டின்னை எடுத்துக் கொடுப்பார். நான் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன்.

பிறகு காற்று தணிந்தே வீசிய சில வருஷங்கள் சேர்ந்தாற்போல் வந்தன. கடலும் சூடேறவில்லை. சல்லிக்கற்களின் மேல் இளஞ்சிவப்பாக ஒரு பூச்சு படர்ந்து, கொத்தனார் பூசிய மாதிரி ஒன்றோடொன்றை ஒட்டவைத்தது. அதற்கடுத்த வருஷம் அதன்மேல் கட்டைவிரல் நுனி அளவில் பழுப்பு மொட்டுகள். அதற்கும் அடுத்து அவை கிளைவிட்டு, கிளைக்குள் பொடிமீன் புகுந்து விளையாடியது. ஒருநாள் டோலா என்னிடம் கேட்காமலே அங்கே ஒரு கூடு இறக்கினார். மூன்றாம் நாள் தூக்கியபோது உள்ளே இரண்டு கெராப்பு மீன் துள்ளின. பெரியதை எடுத்து, செவுளில் ஓலை கோத்து, என் கையில் கொடுத்தார். அதற்குள் அவருக்குத் தலை முழுதும் நரைத்திருந்தது. கரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இத்தன வருஷமா உன்மேல எனக்குக் கோவந்தான். சொல்ல வேணாம்னு வச்சிருந்தேன். இன்னிக்குப் போயிடுச்சு, அதனால சொல்றேன்."

இப்போது பத்திரிகையில் படிக்கிறேன். கடல் அடிக்கடி சூடாகிறதாம், ஒரு சூட்டுக்கும் அடுத்த சூட்டுக்கும் நடுவில் பாறைக்கு மூச்சுவிட நேரமில்லையாம். எங்கள் பாறைக்கு அன்று கிடைத்த அந்த அமைதியான வருஷங்கள் இனி வருகிற பாறைகளுக்கும் கிடைக்கவேண்டுமே என்று டோலா வீட்டுப் பேரப்பிள்ளைகளை நினைத்துக் கவலைப்படுகிறேன்.

சுவரை ஒரு காலைப்பொழுதில் வெளுத்துவிடலாம், பாறைக்கும் டோலாவின் மனசுக்கும் பழைய நிறம் திரும்ப வருஷக்கணக்கில் ஆகும் என்பதுதான் சுண்ணாம்புத் தொழிலில் நான் கற்றது, அதையும் கல் சுடுவதை விட்ட பிறகுதான் கற்றேன்.